வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொழில், மூன்று குடும்பப் பெயர்கள்

எல் நினோ பற்றிய செய்திகளில் 'வாக்கர் சுழற்சி' என்ற பெயர் அடிக்கடி தலைகாட்டும். பசிபிக் கடலின் மேலே காற்று கிழக்கு மேற்காகச் சுற்றிவரும் அந்த ஓட்டத்துக்கு கில்பர்ட் வாக்கர் என்ற ஆங்கிலேயரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1904 முதல் 20 ஆண்டுகள் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர் அவர். 1913இல் சென்னைக்கு வந்தபோது ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, இந்த இளைஞருக்கு உதவித்தொகை கொடுத்து ஆராய்ச்சி செய்ய விடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவரும் அவரேதான். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி இருக்கிறது. இந்தியாவுக்கே வராமல், இங்குள்ள பெண்களின் படிப்புக்காக இங்கிலாந்திலிருந்து பாடுபட்ட ஒரு பெண்மணியின் பெயர் அது. அப்புறம், முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டிக்கு ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று பெயர். ஃபுல்லருடைய மண்.

வாக்கர், டக்கர், ஃபுல்லர். மூன்றும் இங்கிலாந்தின் குடும்பப் பெயர்கள். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு மிதித்து இறுக்குகிறவர்.

வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அந்த ஊகம் முழுக்கத் தப்பும் இல்லை, முழுக்கச் சரியும் இல்லை. அதைப் புரிந்துகொள்ள அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். காற்றும் மழையும் உள்ளே புகும். போதாததற்கு ஆட்டு ரோமத்தின் இயற்கையான கொழுப்பும், நூற்கும்போது தடவிய எண்ணெயோ வெண்ணெயோ பிசுக்காக ஒட்டியிருக்கும். ஆகவே துணியைத் தொட்டியில் போட்டு, பிசுக்கை எடுக்கும் ஏதாவது ஒரு பொருளைக் கலந்து, மணிக்கணக்கில் வெறுங்காலால் மிதிப்பார்கள். கம்பளி இழையின் மேற்பரப்பு வழவழப்பானது அல்ல, நுண்ணிய செதில்கள் கொண்டது. ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது ஓர் இழையின் செதில் பக்கத்து இழையில் மாட்டிக்கொள்ளும். மாட்டியது பிறகு கழலாது. துணி அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடச் சுருங்கி, தடித்து, நெசவின் குறுக்கு நெடுக்கே தெரியாத அளவுக்கு இறுகிவிடும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற அகலத் துணி இப்படித்தான் உருவானது. சுருங்கப்போவதைக் கணக்கில் வைத்தே அதை மிக அகலமாக நெய்தார்கள்.

பிசுக்கை எடுக்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று நாள்பட்ட சிறுநீர். அதில் உண்டாகும் அம்மோனியா, கொழுப்போடு சேர்ந்து சோப்பு மாதிரி வேலை செய்யும். ரோமானியர் காலத்திலேயே இந்த வழக்கம் உண்டு. சிறுநீருக்கு வரி போட்ட பேரரசர் வெஸ்பாசியனின் கதை இந்தத் தொழிலையும் சேர்ந்ததுதான். பாம்பெய் நகரின் சுவரோவியம் ஒன்றில், வரிசையான தொட்டிகளுக்குள் நின்று துணி மிதிக்கும் ஆட்களை இன்றும் பார்க்கலாம். இன்னொரு பொருள், எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண். ஃபுல்லர்ஸ் எர்த் என்பது அதுதான். முகத்தின் எண்ணெயை முல்தானி மட்டி எடுப்பதும் கம்பளியின் கொழுப்பை அந்த மண் எடுத்ததும் ஒரே குணத்தால்தான். இந்த மண்ணுக்கு இங்கிலாந்தில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்றால், 17ஆம் நூற்றாண்டில் ஆட்டு ரோமத்தைப் போலவே இதையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

பருத்தி நாட்டில் இருக்கும் நமக்கு இந்தத் தொழில் பழக்கமில்லை. பருத்தி இழையில் கம்பளியைப் போன்ற செதில் கிடையாது. எவ்வளவு மிதித்தாலும் அது இப்படிப் பின்னி இறுகாது. மிதிப்பதற்கென்று ஒரு தனித் தொழிலுக்குத் தேவையே எழவில்லை. தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் இந்த இடத்தில் வண்ணாரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மாற்கு 9ஆம் அதிகாரத்தில், இயேசுவின் உடை 'பூமியிலே எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மையாய்' பிரகாசித்தது என்று வருகிறதே, ஆங்கிலத்தில் அங்கே ஃபுல்லர் இருக்கிறார். மல்கியாவில் வரும் 'வண்ணாருடைய சவுக்காரம்' ஆங்கிலத்தில் ஃபுல்லருடைய சோப்பு. அழுக்கு எடுக்கும் பாதி வேலைக்கு வண்ணார் சரியாகப் பொருந்துகிறார். துணியை இறுக்கும் மறுபாதிக்குத் தமிழில் ஆள் இல்லை.

சரி, ஒரே வேலைக்கு ஏன் மூன்று பெயர்? இங்கிலாந்தின் ஒவ்வொரு மூலையிலும் அந்த வேலையை வேறு வேறு சொல்லால் அழைத்தார்கள் என்பதுதான் பதில். லண்டனைச் சுற்றியுள்ள தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர். இது லத்தீனின் 'ஃபுல்லோ'விலிருந்து பழைய ஆங்கிலத்துக்குள் வந்தது. 1066இல் நார்மன்கள் வந்த பிறகு, அதே வேரிலிருந்து பிறந்த பிரெஞ்சுச் சொல்லும் இதற்குப் பலம் சேர்த்தது. டெவன், சாமர்செட், கார்ன்வால் என்ற தென்மேற்கில் டக்கர். பழைய ஆங்கிலத்தில் 'டூகியன்' என்றால் வதைப்பது, படாதபாடு படுத்துவது. துணி படும் பாட்டைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நடுநாட்டிலும் வடக்கிலும் வாக்கர். இதன் வேர் 'வெயால்கன்' என்ற பழைய வினை. புரட்டுவது, உருட்டுவது என்று பொருள்; கடல் அலை புரளுவதற்கும் இதையே சொன்னார்கள். காலால் நடப்பது என்ற இன்றைய அர்த்தம் அப்போது அதற்கு இல்லை. 'வெயால்கெரெ', அதாவது துணியைப் புரட்டி மிதிப்பவர், என்ற தொழிற்பெயர் முதலில் இருந்தது. ஆங்கிலத்தில் 'வாக்' என்றால் நடப்பது என்று ஆனது கிட்டத்தட்ட 13ஆம் நூற்றாண்டில். ஆக, வாக்கர்களின் மூதாதை நாளெல்லாம் கால் ஓயாமல் இயங்கியது உண்மைதான். ஆனால் ஓர் அடிகூட முன்னே போகாமல், ஒரு தொட்டிக்குள் நின்றபடியே. ஜானி வாக்கர் புட்டியில் தொப்பியும் கைத்தடியுமாக எட்டிப்போடும் மனிதரை 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தார். பெயரின் பழைய பொருள் மறந்து புதுப் பொருள் வேரூன்றிவிட்டதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்த வட்டாரப் பிரிவு பேச்சில் இவ்வளவு கறாராக இருந்ததா என்றால், இல்லை. 14ஆம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லாண்ட் எழுதிய 'பியர்ஸ் பிளவ்மன்' என்ற நெடுங்கவிதையில் ஓர் இடம் வருகிறது. தறியிலிருந்து வந்த துணி உடுத்த லாயக்கில்லை. காலாலோ ஆலையிலோ மிதிபட்டு, தண்ணீரில் நன்றாக அலசப்பட்டு, ஒருவகைச் செடியின் முள் தலையால் கீறப்பட்டு, இழுத்துக் கட்டப்பட்டு, தையல்காரர் கைக்குப் போன பிறகுதான் அது துணி என்கிறார் கவிஞர். அந்த நாலைந்து வரிகளுக்குள் ஃபுல்லரின் வினையும் வருகிறது, டக்கரின் வினையும் வருகிறது. அதே நூற்றாண்டின் கடைசியில் வந்த விக்லிஃப் பைபிள், மேலே சொன்ன மாற்கு வசனத்தில் 'ஃபுல்லர், அல்லது துணி வாக்கர்' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஒரு வட்டாரத்துக்குப் பழகிய சொல் இன்னொன்றுக்குப் புரியாமல் போகக் கூடாதே என்ற கவலைதான் அதற்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது. பேசும் சொல் இப்படிக் கலந்து நின்றாலும், ஒருவர் மேல் ஒட்டிய பெயர் அவரைச் சுற்றி இருந்தவர்கள் எதைச் சொல்லிக் கூப்பிட்டார்களோ அதுவாகவே நின்றது. ஆகவே ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு அகராதி தரும் பொருள் பாதி விஷயம்தான். அந்தச் சொல்லை எந்த ஊரில் சொன்னார்கள் என்பது மறுபாதி. இந்த மூன்று பெயர்களிலும் எனக்கு அந்த மறுபாதிதான் பெரிதாகத் தெரிகிறது.

வேலையும் அப்படியே நிற்கவில்லை. 12ஆம் நூற்றாண்டிலேயே காலின் இடத்துக்கு மரச் சம்மட்டி வந்துவிட்டது. ஆற்று நீர் ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தின் தண்டில் இருக்கும் கட்டைகள் இரண்டு பெரிய சம்மட்டிகளை மாறி மாறித் தூக்கிவிடும். அவை தொட்டியில் கிடக்கும் துணி மேல் தொப்பென்று விழும். ஒவ்வொரு அடிக்கும் துணி தானாகக் கொஞ்சம் புரண்டுகொடுக்கும்படி தொட்டியின் அடிப்பகுதியை வளைவாகச் செய்திருப்பார்கள். டெம்ப்ளர் வீரத் துறவிகளின் நிலங்களைப் பற்றி 1185இல் எடுத்த கணக்கில், இன்றைய லீட்ஸ் நகரை ஒட்டிய நியூசம் என்ற இடத்தில் இப்படி ஓர் ஆலை இருந்தது பதிவாகியிருக்கிறது.

ஆலை வந்தால் அதன் சொந்தக்காரருக்கு வருமானம். செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் நிலமெல்லாம் மடத்துக்குச் சொந்தம். ஊரார் தங்கள் துணியை மடத்தின் ஆலையில்தான் கொடுத்து, அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும் என்றார் மடாதிபதி. ஊராரோ வீட்டிலேயே காலால் மிதித்துக்கொண்டார்கள். 1270களில் மடத்தின் ஆட்கள் வீடு வீடாகப் போய்த் துணியைப் பறித்தார்கள். ஊரார் எதிர்த்து நின்றார்கள். ராணி எலினோர் அந்த ஊருக்கு வந்தபோது, பெண்கள் திரண்டுபோய் அவரிடமே முறையிட்டார்கள். வழக்கு அரசரின் நீதிமன்றம் வரை போய், கடைசியில் மடமே ஜெயித்தது. தன் துணியைத் தன் காலால் மிதிக்கும் உரிமைக்கு இவ்வளவு போராட வேண்டியிருந்திருக்கிறது. இந்தத் தொழிலின் வரலாற்றில் என் மனதில் ஆழமாகத் தங்கிய பகுதி இதுதான்.

ஓடும் நீர் தேவைப்பட்டதால் தொழில் பழைய நகரங்களைவிட்டு, நீரோட்டம் வேகமான வடக்கு, மேற்குப் பள்ளத்தாக்குகளுக்கு நகர்ந்தது என்று எலினோரா கேரஸ்-வில்சன் என்ற வரலாற்றாசிரியர் 1941இல் வாதிட்டார். 13ஆம் நூற்றாண்டிலேயே நடந்த ஒரு தொழிற்புரட்சி என்று அதைச் சொன்னார். நகர்வுக்கு ஆலை மட்டுமே காரணமா என்பதில் பின்னால் வந்தவர்கள் அவரோடு ஒத்துப்போகவில்லை. எப்படியானாலும், சம்மட்டி வந்த பிறகும் பெயர் மாறவில்லை. ஆலையைப் பார்த்துக்கொள்பவரும் வாக்கராகவும் டக்கராகவுமே இருந்தார்.

இந்தத் தொழிற்பெயர்கள் குடும்பப் பெயராக உறைந்தது எப்போது? நார்மன் பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைப் பரம்பரையாக வைத்துக்கொண்டார்கள். சாதாரண மக்களுக்கு அது மெதுவாகத்தான் வந்தது. ஒரே ஊரில் பத்து ஜான், பத்து வில்லியம் இருந்தால் வரி எழுதுகிறவர் என்ன செய்வார்? தகப்பன் பெயரையோ, ஊரையோ, உருவத்தையோ, தொழிலையோ சேர்த்து எழுதுவார். தெற்கில் 14ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பெரும்பாலானோருக்குப் பரம்பரைப் பெயர் வந்துவிட்டது; வடக்கில் ஏறத்தாழ இன்னும் நூறாண்டு ஆனது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள் சரியாக அந்த மாற்றத்தின் நடுவில் எடுக்கப்பட்டவை. பெயர் இன்னும் தொழிலைவிட்டு விலகாத ஆட்களை அந்தக் காலத்தில் நிறையப் பார்க்கலாம். 1381இல் நார்ஃபோக் விவசாயிகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் ஜெஃப்ரி லிட்ஸ்டர். லிட்ஸ்டர் என்றால் சாயம் தோய்ப்பவர். அவர் செய்த தொழிலும் அதுவேதான். அதே பெயரின் இன்னொரு வடிவம் லிஸ்டர். 19ஆம் நூற்றாண்டில் அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசஃப் லிஸ்டருக்கு அது வெறும் குடும்பப் பெயர். சாயத் தொட்டியோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்படி உறைந்த பெயர்கள் எங்கே போயின என்று பார்த்தால், வியப்பூட்டும் அளவுக்கு அவை இடம் மாறவில்லை. ரயிலும் தொழிற்சாலையும் வந்து மக்களைக் கலைத்துப்போட்ட பிறகு, 1881இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில்கூட டக்கர்கள் டெவனிலும் சாமர்செட்டிலும் குவிந்து கிடக்கிறார்கள். ஃபுல்லர்கள் சசெக்ஸ், சஃபோக், நார்ஃபோக் பக்கம். வாக்கர்கள் யார்க்‌ஷயர், லங்காஷயர், டெர்பிஷயர் பக்கம். கில்பர்ட் வாக்கர் பிறந்ததும் லங்காஷயரில்தான். அவர் பிறந்த ராச்டேல், பஞ்சாலைகள் வருவதற்கு முன்பே கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர்.

ஊர்ப் பெயர்களும் இதையே சொல்கின்றன. வடக்கில் 'வாக் மில்' என்ற பெயரில் இடங்கள் உண்டு. கார்ன்வாலில் டக்கிங்மில் என்று ஓர் ஊரே இருக்கிறது. எக்ஸெட்டர் நகரில் நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் சேர்ந்த சங்கம் 1471இல் கட்டிய மண்டபம் இன்னும் நிற்கிறது. அதன் பெயர் டக்கர்ஸ் ஹால். சாமர்செட்டில் பாத் நகருக்குப் பக்கத்திலும் ஒரு டக்கிங் மில் இருக்கிறது. இங்கிலாந்தின் முதல் முழுமையான நிலவியல் வரைபடத்தைத் தந்த வில்லியம் ஸ்மித் குடியிருந்த இடம் அது. அங்கே ஒரு விநோதம். ஆலைக்கு டக்கரின் பெயர். ஆனால் அந்த வட்டாரத்துப் பாறை அடுக்கில் கிடைக்கும் மண்ணுக்கு 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்றே பெயர். சந்தையில் விலைபோகும் பண்டத்துக்குத் தலைநகரத்துச் சொல் நிலைத்தது, உள்ளூர் ஆலைக்கு உள்ளூர்ச் சொல் நிலைத்தது.

எல்லையைத் தாண்டினாலும் தொழில் தொடர்கிறது. வேல்ஸ் மொழியில் மிதிப்பாலைக்கு 'பாண்டி'. 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் பேர் அடிபட்ட டோனிபாண்டி என்ற ஊர்ப் பெயரில் இருப்பது அந்தச் சொல்தான். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் கேலிக் மொழியில் துணி மிதிப்பவர் 'ஃபூகடர்'. அவருடைய மகன் என்ற பொருளில் வழங்கிய குடும்பப் பெயரைப் பின்னாளில் பலர் வாக்கர் என்றே ஆங்கிலமாக்கிக்கொண்டார்கள். அதனால் ஸ்காட்லாந்து வாக்கர்களில் ஒரு பகுதியினர் மொழிபெயர்க்கப்பட்ட வாக்கர்கள். ஹெப்ரிடீஸ் தீவுகளில் 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஆலை இல்லாமலே இந்த வேலை நடந்தது. நீண்ட பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, ஈரத் துணியைப் பலகையில் அறைந்து, கைமாற்றி, மறுபடியும் அறைவார்கள். ஒருத்தி அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். அறையும் தாளம்தான் பாட்டின் தாளம். அந்தப் பாட்டுகள் நூற்றுக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் இன்னும் 'வாக்கிங்' என்றே பெயர். எழுத்தில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வாக்கர் என்ற பெயருள்ள எல்லோருடைய மூதாதையும் துணி மிதித்தவர்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நியூகாசில் நகரில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலின் ஓரத்துச் சதுப்பு என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கிருந்து கிளம்பிப் போனவர்களுக்கும் ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகியிருக்கலாம். அரச வனத்தைச் சுற்றி வந்து காவல் காத்தவர்களையும் வாக்கர் என்று சொன்னதுண்டு. தொழிற்பெயர் ஊருக்கு ஊர் தனித்தனியாகப் பிறந்தது. ஆகவே வாக்கர்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரு குலம் அல்ல.

அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே வாக்கர் என்ற பெயர் பரவலாக இருப்பதற்கும் யார்க்‌ஷயர் தொட்டிக்கும் நேரடி ரத்தத் தொடர்பு தேட முடியாது. அடிமை முறையின் காலத்தில் எசமானர்களின் ஆங்கிலப் பெயர்கள் அடிமைகளின் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தன. எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் இந்தப் பெயருக்குத் தன் சொந்த அர்த்தம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அவருடைய மூதாதையான ஓர் அடிமைப் பெண் இரண்டு இடுப்பிலும் இரண்டு குழந்தைகளைச் சுமந்தபடி வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியா வரை நடந்தே வந்தாராம். அந்த நடையின் நினைவாகவே பிறந்த வீட்டுப் பெயரை விடாமல் வைத்திருப்பதாக அவர் எழுதியிருக்கிறார். சொல்லாராய்ச்சி சொல்லும் பொருளைவிட இது எந்த வகையிலும் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை.

கம்பளித் துணியின் பாதை நெடுகிலும் இப்படிப் பெயர்கள் இருக்கின்றன. ரோமத்தைச் சிக்கெடுத்தவர் டெவனில் டோசர். நெய்தவர் வெப், வெப்பர், வெப்ஸ்டர், வீவர். மிதித்த துணி காயும்போது மேலும் சுருங்காதபடி மரச் சட்டத்தில் கொக்கி போட்டு இழுத்துக் கட்டினார்கள். அந்தக் கொக்கியின் பெயரை வைத்துத்தான் ஆங்கிலேயர் பதற்றத்தில் தவிப்பதை 'டென்டர்ஹூக்ஸ் மேல் இருக்கிறேன்' என்கிறார்கள். உலர்ந்த துணியின் மேலே எழும்பி நிற்கும் ரோமத்தைப் பெரிய கத்தரியால் ஒட்ட நறுக்கியவர் ஷெர்மன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி பெயர் அதுதான். சாயம் தோய்த்தவர் யார்க்‌ஷயர், நார்ஃபோக் பக்கம் லிஸ்டர், தெற்கில் டையர். 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ரெஜினால்ட் டயரின் பெயரும் இந்த டையர்தான்.